எந்தப் பிழை பெரிது?

ஏ9 வீதியில் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் பளையைத் தாண்டியதும் வருகிற இடம் முகமாலை. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விழுந்த பிறகு எட்டு வருடங்களுக்கு மேலாக இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான முன்னரங்கம் இங்கேதான் கிடந்தது. இரண்டு தரப்பும் மாறி மாறி மிதிவெடி புதைத்தன. இராணுவத்தின் பக்கத்தில் பாகிஸ்தான் தயாரிப்பான பி4, புலிகளின் பக்கத்தில் சொந்தத் தயாரிப்பான ஜொனி, ரங்கன். உலகிலேயே மிக நெருக்கமாக வெடி புதைத்த நிலங்களில் ஒன்றாக இந்தப் பனை, தென்னங்காணிகளை வெடி அகற்றுகிறவர்கள் சொல்வார்கள்.

அங்கே வேலை செய்கிறவர்களில் கணிசமானோர் பெண்கள். கணவனை யுத்தத்தில் இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிறவர்கள் பலர். ஒருத்திக்கு ஒரு மீற்றர் அகலமான பாதை. இரு பக்கமும் தலையில் சிவப்புப் பூசிய தடிகள். முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், நெஞ்சுக்குக் கனத்த அங்கி. உலோகத்தைத் தேடுகிற டிடெக்டரைத் தரைக்கு மேலே மெல்ல அசைக்கிறாள். சத்தம் வருகிறது.

அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள்? மிதிவெடியாக இருக்கலாம். துப்பாக்கி ரவையின் கோதாகவும், ஷெல் துண்டாகவும், பழைய வேலியிலிருந்து விழுந்த ஆணியாகவும் இருக்கலாம். யுத்தம் நடந்த மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. மிதிவெடியிலோ உலோகம் மிகக் குறைவு. பி4 பிளாஸ்டிக்கால் ஆனது. ஜொனி ஒரு மரப்பெட்டி. இரண்டிலும் டிடெக்டருக்கு எட்டுகிற உலோகம் கொஞ்சந்தான். ஆகவே பெரிய சத்தம் என்றால் பெரிய ஆபத்து என்ற கணக்கு இங்கே செல்லாது. பெரிய சத்தம் பெரும்பாலும் குப்பை. கொல்வது சின்னச் சத்தம்.

அவள் முழந்தாளிட்டு, சத்தம் வந்த புள்ளிக்குச் சற்று முன்னாலேயே தொடங்கி, மண்ணைப் படை படையாகச் சுரண்டிக்கொண்டு பக்கவாட்டில் நெருங்குகிறாள். வெடியின் அழுத்தத் தட்டு மேலே இருக்கிறது. பக்கத்திலிருந்து தொட்டால் பிழைக்கலாம், மேலிருந்து அழுத்தினால் முடிந்தது. அவ்வளவு நேரமும் பொறுமையும் செலவழித்த பிறகு அகப்படுவது அநேகமாக ஒரு ஆணி. அதை எடுத்து வாளிக்குள் போட்டுவிட்டு அடுத்த சத்தத்துக்குப் போக வேண்டும். கம்போடியாவில் 1992க்கும் 1998க்கும் இடையில் ஏறத்தாழ 20 கோடிப் பொருட்களை இப்படித் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவற்றில் வெடிபொருட்கள் ஐந்து இலட்சமளவில், அதாவது ஆயிரத்துக்கு மூன்றுக்கும் குறைவு.

நல்லது எது, தீயது எது என்று பிரித்தறிகிற திறனைப் பற்றிய அத்தியாயத்தை மிதிவெடியில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அறநெறி பற்றிய உளவியல் நூல்கள் வழக்கமாக ரயில் வண்டியில் தொடங்கும். பிரேக் இல்லாத வண்டி, ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், மற்றதில் ஒருவர், நீங்கள் விசையை இழுப்பீர்களா? 1967இல் பிலிப்பா ஃபுட் என்ற மெய்யியலாளர் எழுப்பிய கேள்வியின் வழிவந்த புதிர் அது. அரை நூற்றாண்டாக அந்த வண்டி ஓடிக்கொண்டேயிருக்கிறது. எனக்கு அதில் ஈடுபாடு குறைவு. அந்தப் புதிரில் எல்லாம் வெட்டவெளிச்சம்: யார் எங்கே நிற்கிறார்கள், விசையை இழுத்தால் யார் சாவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். வாழ்க்கையில் யாருக்கு அப்படித் தெரிகிறது? நமக்குக் கிடைப்பது ஒரு சத்தம். அதை வைத்து, மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமலே முடிவெடுக்க வேண்டும்.

இந்த நிலைமையைக் கணிதமாக்கியவர்கள் ரேடார்காரர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் திரையில் தெரிகிற புள்ளி எதிரி விமானமா, பறவைக் கூட்டமா, வெறும் இரைச்சலா என்ற கேள்வியிலிருந்து ஒரு கோட்பாடு வளர்ந்தது. 1954இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்சன் டானர், ஜான் சுவெட்ஸ் என்ற இருவர் அதை மனிதக் கண்ணுக்குப் பொருத்தினார்கள். சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு என்று அதற்குப் பெயர். அதன் சாரம் இவ்வளவுதான்: பிரித்தறிதல் என்று நாம் ஒன்றாக நினைப்பது உண்மையில் இரண்டு வேறு விடயங்கள்.

முதலாவது கூர்மை. ஆணியின் சத்தமும் வெடியின் சத்தமும் உங்கள் காதுக்கு எவ்வளவு வேறாகக் கேட்கின்றன என்பது. இரண்டாவது கோடு. எவ்வளவு சந்தேகம் வந்தால் தோண்டத் தொடங்குவீர்கள் என்பது. ஆணிச் சத்தங்களில் சில வெடி போலவும் வெடிச் சத்தங்களில் சில ஆணி போலவும் ஒலிக்கும். அந்தக் கலப்புப் பகுதிக்குள் எங்கேயாவது கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். கோட்டைத் தாழ்த்தினால் வெடியொன்றும் தப்பாது, ஆனால் நாள் முழுக்க ஆணி தோண்ட வேண்டும். உயர்த்தினால் வேலை ஓடும், ஆனால் ஒரு நாள் ஒரு வெடி மண்ணுக்குள் தங்கிவிடும். தப்பவிடுதல் ஒரு பிழை, வீண் சந்தேகம் மற்றப் பிழை. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டையும் ஒன்றாகக் குறைக்க வேண்டுமானால் கூர்மையைத்தான் வளர்க்க வேண்டும்.

கூர்மையை வளர்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்டாஷெவ்ஸ்கி. அமெரிக்க இராணுவத்தின் சாதாரண டிடெக்டரால் உலோகம் குறைந்த வெடிகளைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் சிப்பாய்கள் திணறிக்கொண்டிருந்த 1990களின் கடைசியில், அதே கருவியை வைத்துக்கொண்டு அநேகமாக எதையும் தவறவிடாத ஒரு பழம் கையைத் தேடிப் பிடித்து, அவர் என்ன செய்கிறார் என்று மணிக்கணக்கில் பார்த்தார். அந்த மனிதர் சத்தம் வந்ததும் நின்றுவிடவில்லை. எங்கே சத்தம் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று நாலா பக்கமும் கருவியை நகர்த்தி, அந்த ஓரங்களையெல்லாம் சேர்த்து மனதுக்குள் ஒரு உருவம் வரைந்தார். வட்டமான வெடிக்கு ஒரு உருவம், நீண்ட ஆணிக்கு வேறொரு உருவம். கேட்பது காது, பார்ப்பது மனக்கண். அந்த வித்தையைப் படிப்படியாகப் பிரித்துச் சிப்பாய்களுக்குப் பழக்கியபோது அவர்கள் கண்டுபிடித்த வெடிகள் பல மடங்கு கூடின. கருவி மாறவில்லை. பிறகு ஹார்வர்டில் படித்த இலங்கையரான லஹிரு ஜயதிலக்க, ஸ்டாஷெவ்ஸ்கியோடும் கணினி அறிவியலாளர்களோடும் சேர்ந்து, அந்த ஓரப் புள்ளிகளைத் திரையிலேயே வரைந்து காட்டுகிற கருவியொன்றைச் செய்து பார்த்தார்.

கூர்மை பழக்கத்தால் வரும். கோடு அப்படி வருவதில்லை. வன்னியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் தன் குழுத் தலைவியிடம், "அக்கா, இது ஆணி மாதிரித்தான் கேக்குது, விடவா?" என்று கேட்கிறாள் என்று வையுங்கள். "சந்தேகமெண்டா தோண்டு பிள்ளை" என்பதுதான் பதிலாக இருக்கும். அந்தப் பதிலில் காதைப் பற்றி ஒன்றுமே இல்லை. இரண்டு பிழைகளில் எது பெரிது என்ற தீர்ப்பு மட்டும் இருக்கிறது. வீணாகத் தோண்டினால் கொஞ்ச நேரம் போகும். விட்டுவிட்டால் ஒரு கால் போகும். இந்த இடத்தில் விஞ்ஞானம் ஒதுங்கிக்கொள்கிறது. கோடு எங்கே விழுந்தால் எத்தனை பிழை வரும் என்று அது கணக்குப் போட்டுத் தரும். எந்தப் பிழையைத் தாங்கலாம் என்று தராது.

சந்தேகம் வந்தால் செய் என்பதே எப்போதும் ஞானம் என்று நினைத்தால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்க வேண்டும். வயல் வெட்டப் போனவரைப் புடையன் கடித்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காலில் பல் பதிந்த தடம் இருக்கிறது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டியதுதானே? இல்லை. பாம்பு கடித்த எல்லோருக்கும் விஷம் ஏறுவதில்லை. மருந்தோ இலேசுப்பட்டதல்ல. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித டி சில்வாவும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் விஷமுறிவு மருந்து பெற்ற 1007 பேரில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு ஒவ்வாமை வந்தது. அவர்களில் பலருக்கு அது கடுமையானது. ஆகவே வைத்தியர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். இரண்டு மில்லி லீற்றர் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் வைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருக்கிறார்கள். பிறகு குழாயைச் சரித்துப் பார்க்கிறார்கள். இரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் உள்ளே போய்விட்டது, மருந்து ஏற்று. உறைந்திருந்தால் பார்த்துக்கொண்டிரு, பிறகு மறுபடியும் சோதி. சொந்தக்காரர்களுக்கு அந்த இருபது நிமிடம் யுகமாக இருக்கும். "கடிச்சது புடையன் எண்டு சொல்லுறம், டொக்டர் சும்மா நிக்கிறார்" என்று கோபமும் வரும். ஆனால் இங்கே வீண் சந்தேகமும் ஆளைக் கொல்லக்கூடிய பிழை. அதனால் கோடு வேறிடத்தில் விழுகிறது.

கோட்டைப் பற்றி இன்னும் ஒரு சங்கடமான உண்மை உண்டு. நாம் கிழித்த இடத்திலேயே அது நிற்பதில்லை. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005இல் ஒரு சோதனை செய்தார்கள். கலைந்து கிடக்கிற பொருட்களின் படங்களுக்குள் ஒரு கருவி இருக்கிறதா என்று தேட வேண்டும். பாதிப் படங்களில் கருவி இருந்தபோது, இருந்ததைத் தவறவிட்டது 7 வீதம். நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 வீதம். அதே கண், அதே படங்கள். அடுத்தடுத்த சோதனைகளில் காரணம் தெரிந்தது: தேடுகிறவர்களின் கூர்மை மழுங்கவில்லை, கோடு தானாக நகர்ந்துவிட்டது. இல்லை, இல்லை, இல்லை என்று நூறு முறை சொன்ன வாய்க்கு நூற்றோராவது முறையும் இல்லை என்பதே சுலபமாக வருகிறது. மிதிவெடி எடுக்கும் வேலை இந்த விதிக்கு நேர்ப் பலி. அதனால்தான் வேலை தொடங்க முன்பும் இடையிலும், தெரிந்த ஒரு உலோகத் துண்டின் மேல் டிடெக்டரைப் பிடித்துச் சோதிக்கிறார்கள். முடித்த பாதையை வேறொருவர் திரும்பப் பார்க்கிறார். வெடி எடுக்கிறவளின் நேர்மையைச் சந்தேகித்து அல்ல. நேர்மையானவளின் கோடும் நகரும்.

மண்ணிலிருந்து மனிதருக்கு வருவோம். முல்லைத்தீவில் நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் அங்கே திரளும். முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் கடல் நீரில் விளக்கெரிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, களைத்த கிழவியாக இந்தக் கரையில் மாடு மேய்க்கும் பிள்ளைகளிடம் வந்தமர்ந்தாள் என்பது ஊர்க்கதை. கோவலன் கூத்தைக் கேட்டு வளர்ந்த எந்த வன்னிக்காரருக்கும் கோவலனைக் கொன்ற வழக்கின் விவரம் தெரியும். பிரித்தறிதல் பற்றித் தமிழில் உள்ள மிக நுட்பமான விசாரணை அறிக்கை அதுதான் என்பது என் கருத்து.

பாண்டியனிடம் பொற்கொல்லன் போய்ச் சொல்கிறான்: அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான். அரசன் இட்ட கட்டளையின் கருத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று சிலம்பைக் கொண்டுவா என்பது. கேட்பதற்கு நிபந்தனையோடு கூடிய, நிதானமான கட்டளை. ஆனால் அந்த நிபந்தனையைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். கோவலன் கள்வனாக இருந்தால் சிலம்பு அவன் கையில் இருக்கும். கள்வனாக இல்லாமல், மனைவியின் சிலம்பை விற்க வந்தவனாக இருந்தாலும் அது அவன் கையில் இருக்கும். இரண்டு நிலையிலும் ஒரே விடை தருகிற சோதனை சோதனையே அல்ல. ஆணியின் மேலும் வெடியின் மேலும் ஒரே மாதிரிக் கத்துகிற டிடெக்டரை யார் நம்புவார்கள்?

கொலைக்களத்தில் நடப்பது இன்னும் சுவாரசியம். காவலர்களுக்குத் தயக்கம் வருகிறது. இவன் முகத்தில் கள்வன் குறி தெரியவில்லையே என்கிறார்கள். அவர்களுடைய கூர்மை சரியாகத்தான் வேலை செய்தது. பொற்கொல்லன் உடனே கூர்மையை விட்டுவிட்டுக் கோட்டைப் பிடித்து இழுக்கிறான்: மந்திரம், மருந்து, தந்திரம் என்று கள்வருக்கு எட்டு வகைத் துணை உண்டு, நீங்கள் ஏமாந்தால் அரசன் உங்களைத்தான் தண்டிப்பான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு இளைஞன் தான் கண்ட பயங்கரக் கள்வனின் கதையைச் சொல்கிறான். தப்பவிட்டுவிடுவோமோ என்ற அச்சம் எல்லோரையும் பிடிக்கிறது. கோடு தாழ்ந்துகொண்டே போகிறது. கடைசியில் வாளை வீசியவன் அறிவில்லாத ஒரு குடிகாரன். கோடு தரையைத் தொட்ட பிறகு வெட்டுவதற்குப் பெரிய ஆள் தேவையில்லை.

கண்ணகி அவையில் செய்தது அழுகை மட்டுமல்ல. பாண்டிமாதேவியின் சிலம்பில் பரல் முத்து, தன்னுடையதில் மாணிக்கம் என்று பிரித்துக் காட்டுகிற ஒரேயொரு வேறுபாட்டை முன்வைத்து, சிலம்பை உடைத்தாள். கள்வனின் சிலம்புக்கும் உரியவளின் சிலம்புக்கும் வெவ்வேறு விடை தருகிற சோதனை அது. ஒரு நொடியில் முடிந்தது. அது முன்னரே யாருக்கும் தோன்றாமல் போனதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. ராணியின் ஊடலைத் தீர்க்கப் போகிற அவசரத்தில் இருந்த அரசனுக்கு, ஒரு வழிப்போக்கனின் உயிர் பெரிய பிழையாகத் தெரியவில்லை.

சட்டங்களும் இப்படிக் கோடு கிழிக்கின்றன. நிரபராதி ஒருவர் துன்பப்படுவதை விடக் குற்றவாளிகள் பத்துப் பேர் தப்புவது மேல் என்ற கருத்தை 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதினார். பத்துக்கு ஒன்று என்பது ஒரு கோட்டின் அளவு. இலங்கையின் சாதாரணச் சாட்சியச் சட்டத்தின்படி பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தது செல்லும், வற்புறுத்தி வாங்கினார்கள் என்பதைச் சந்தேக நபரே காட்ட வேண்டும். புதிய கருவி ஒன்றும் வரவில்லை. கோடு மட்டும் தாழ்ந்தது. மறுபுறத்தில் புலிகள் இயக்கத்தின் 'துரோகி' என்ற தீர்ப்புக்கும் கோடு மிகத் தாழ்வாகவே இருந்தது, மேன்முறையீடும் இல்லை. முகமூடி போட்டு உட்கார வைத்த ஒருவர் வரிசையில் போகிறவர்களைப் பார்த்துத் தலையசைத்தால் பிடித்துக்கொண்டு போகிற சுற்றிவளைப்புகளையும் வடக்கு கிழக்கில் கண்டவர்கள் உண்டு. அந்த மனிதரைத் தலையாட்டி என்றார்கள்.

யுத்தம் முடிந்த 2009 மே மாதம். நந்திக்கடல் பக்கமிருந்து வெளியே வந்த சனம் வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தையில் சோதனைக்கு நின்றது. இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பதியுங்கள் என்ற அறிவிப்பு அங்கே ஒலித்ததைத் தப்பி வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் என்பது எவ்வளவு தாழ்ந்த கோடு என்று யோசியுங்கள். யுத்தத்தின் கடைசி வருடங்களில் வன்னியில் குடும்பத்துக்கு ஒருவரைப் புலிகள் கட்டாயமாகப் பிடித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் இருந்ததா என்ற கேள்வி, விரும்பிப் போனவனையும் பங்கரில் ஒளித்திருந்தபோது இழுத்துப் போன பிள்ளையையும் பிரிக்காது. கையில் சிலம்பு இருக்கிறதா என்று கேட்டது போலத்தான். ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போனார்கள். இராணுவத்திடம் கையளித்த பிறகு திரும்பி வராத தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். ஆய்வுகூடத்தில் பிழைவிட்டவருக்கு உடனே மணி அடித்துப் 'பிழை' என்று சொல்வார்கள், அதைக் கேட்டுக் கோடு மெல்லத் திருந்தும். இங்கே பதில் சொல்ல யாரும் வரவில்லை.

யுத்தம் அதிகாரிகளின் கோட்டை மட்டும் நகர்த்துவதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் செத் பொலக் 2002இல் குழந்தைகளுக்கு முகப் படங்களைக் காட்டினார். ஒரு முகம் பயத்திலிருந்து கோபத்துக்கு, துக்கத்திலிருந்து கோபத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எந்தப் படத்தில் இது கோபம் என்று சொல்வீர்கள்? வீட்டில் அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளின் கோடு நகர்ந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் பயம் என்றோ துக்கம் என்றோ சொன்ன முகங்களில் அவர்கள் கோபத்தைக் கண்டார்கள். இதைக் குறைபாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் முகத்தில் கோபத்தைத் தப்பவிட்டால் அடி விழும். கோபமில்லாதபோது வீணாகப் பதுங்கினால் ஒன்றும் போகாது. அந்த வீட்டுக்கு அது சரியான கோடு. பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகும் அது அங்கேயே நிற்பதுதான் சிக்கல்.

2002இன் சமாதான காலத்தில் ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தவர்கள் வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கேள்வி கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் உள்ளூர் ஆசிரியர்கள். 92 வீதமான பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல்லடி, நெருங்கியவரின் சாவு போன்ற ஏதோவொன்றைக் கண்டிருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயின் குறிகள் முழுமையாக இருந்தன. 2009 இன்னும் வராத காலத்துக் கணக்கு இது. வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி 2010இல் எழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், நோயைத் தனி ஆளின் தலைக்குள் மட்டும் தேடினால் போதாது என்றார். குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன, ஆளுக்கு ஆள் இருந்த நம்பிக்கை குலைந்திருக்கிறது என்பது அவருடைய நெடுநாள் வாதம். புதிதாக வந்தவர் கணக்கெடுக்க வந்தாரா, காட்டிக்கொடுக்க வந்தாரா என்று தெரியாத ஊரில் எல்லோரையும் சந்தேகிப்பது பைத்தியம் அல்ல. உயிர் காத்த கோடு அது. கடன் தர வருகிறவரையும் கல்யாணப் பேச்சுக்கு வருகிறவரையும் அதே கோட்டால் அளக்கும்போதுதான் அது வாழ்க்கையைத் தின்னத் தொடங்குகிறது. துப்பாக்கி ஓய்ந்த திகதியில் மனதின் கோடு இடம் மாறுவதில்லை.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. கோட்டைக் கிழிப்பவரும் பிழையைச் சுமப்பவரும் ஒருவர்தானா? காணி விடுவிப்பை எடுத்துக்கொள்வோம். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. தெரிந்த மிதிவெடி நிலமெல்லாவற்றையும் துப்புரவாக்க 2028 ஜூன் வரை தவணை. ஒரு காணி சுத்தம் என்று கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்குத் தப்பவிட்ட வெடிதான் கெட்ட கனவு. அது வெடித்தால் அவருடைய பெயர் அடிபடும். ஆகவே அவருடைய கை, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்ற பக்கமே சாயும். வீண் தாமதம் அவரைச் சுடாது. அது காணிச் சொந்தக்காரரைச் சுடுகிறது: உறவினர் வளவில் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு, மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் தன் தென்னைகள் காய்த்துக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவரை. இருவரும் ஒரே நிலத்தைத்தான் பார்க்கிறார்கள். இருவருக்கும் பெரிய பிழை வேறு வேறு. அதிகாரியை அவசரப்படுத்தச் சொல்லவில்லை நான். வெடி எடுப்பதில் அவசரத்துக்கு இடமில்லை. ஆனால் காத்திருப்பின் விலையைக் கணக்கில் எழுதாமல், பாதுகாப்பு என்று மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு.

மூன்றாவது ஆளும் இருக்கிறார். யுத்தம் முடிந்த காலம் தொட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பழைய இரும்பு பொறுக்கி விற்பது ஒரு தொழில். சண்டை நடந்த காணிகளில்தான் இரும்பு இருக்கிறது. ஷெல் கோது, கவச வாகனத்தின் சிதறல், பித்தளை ரவைக் கோது எல்லாம் காசு. மிதிவெடி எடுக்கிற பெண்ணுக்கு வீண் வேலையான அதே உலோகத் துண்டு இவருக்கு அன்றைய சாப்பாடு. அவள் எதைத் தப்பவிடக் கூடாதென்று தோண்டுகிறாளோ, அது இவருக்குத் தொடாமல் விட வேண்டிய ஒன்று. இப்படிப் பொறுக்கப் போய் வெடித்து இறந்தவர்களும் கையிழந்தவர்களும் உண்டு. பாடசாலைகளில் விழிப்புணர்வு நடத்துகிறவர்கள் வெடிகளின் படங்களை ஒட்டி, கண்டால் தொடாதே, சொல்லு என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் இரும்பு பொறுக்குகிறவருக்கு அந்தப் படங்களில் உள்ள ஒவ்வொன்றையும் பெயர் சொல்லத் தெரியும். அவர்களில் சிலர் யுத்தத்தில் அவற்றைக் கையால் தொட்டவர்கள். அவர்களுக்குக் கூர்மையில் குறைவில்லை. அவர்கள் எந்தப் பலகையைத் தாண்டி எவ்வளவு தூரம் உள்ளே போவார்கள் என்பது அந்தக் கிழமை கடைக்காரர் கிலோவுக்கு என்ன விலை சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.